டிவிடி அலமாரி ஹார்டுடிஸ்க்குக்கு மாறட்டும்: மேக்எம்கேவி, ஜெல்லிஃபின் எப்படி?

வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் 2025 மார்ச்சில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டது. 2006 முதல் 2008 வரை தயாரான அதன் டிவிடிகளில் சில, பத்திரமாக வைத்திருந்தாலும் ஓடாமல் போகின்றன. மேலே கீறல் இருக்காது, உள்ளிருக்கும் அடுக்கே கெட்டிருக்கும். மாற்று டிஸ்க் தருவதாகச் சொன்ன நிறுவனம், அதே படம் கையிருப்பில் இல்லையென்றால் வேறு படம்தான் தர முடியும் என்றது.

தமிழ்ப் பட டிவிடிகளுக்கு அந்த ஆறுதலும் கிடையாது. 2007 வாக்கில் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்று வீட்டுக்கு வீடு படங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த மோசர் பேர் நிறுவனத்தைக் கலைக்க 2018-ல் உத்தரவானது. வெளிநாட்டுத் தமிழர்களுக்காக ஐங்கரன் போன்ற நிறுவனங்கள் டிடிஎஸ் ஒலி, ஆங்கில சப்டைட்டிலோடு வெளியிட்ட டிவிடிகளில் பலவற்றை இன்று யாராவது பழசாக விற்றால்தான் வாங்க முடியும். அப்படியொரு அலமாரி வீட்டில் இருப்பவர்கள் அதை ஹார்டுடிஸ்க்குக்கு மாற்ற இனியும் தாமதிக்கக் கூடாது.

இந்த வேலைக்குப் பெரும்பாலானோர் நம்புவது மேக்எம்கேவி. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். டிஸ்க்கைப் போட்டு டிரைவ் படத்தை அழுத்தினால், சிறிது நேரத்தில் இடப்பக்கம் ஒரு பட்டியல் விரியும். இரண்டே முக்கால் மணி நேர நீளமுள்ள டைட்டில்தான் படம். அதற்குக் கீழே ஐந்து நிமிடம், ஆறு நிமிடம் என்று வருபவை பாடல் மெனுவிலிருந்து வருபவை. ஒரே டிஸ்க்கில் மூன்று படங்களை அடைத்த மலிவுப் பதிப்பு என்றால் மூன்று பெரிய டைட்டில்கள் தனித்தனியாக நிற்கும். படத்துக்கான டைட்டிலை விரித்தால் டால்பி 5.1, டிடிஎஸ், ஸ்டீரியோ என ஒலித்தடங்களும் சப்டைட்டில்களும் வரிசையாக வரும். இங்கே கஞ்சத்தனம் காட்டாமல் எல்லாவற்றையும் டிக் செய்துவிடுவது நல்லது. ஒரு ஒலித்தடத்தை விட்டுவிட்டு இரண்டு வருடம் கழித்துத் தேடும்போது டிஸ்க் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மேக்எம்கேவியின் பெரிய பலம், அது எதையும் சுருக்குவதில்லை என்பதுதான். டிஸ்க்கில் இருக்கும் படத்தையும் ஒலியையும் ஒரு பிட் மாறாமல் எடுத்து எம்கேவி என்ற ஒரே கோப்பில் வைக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் ஒரு படத்தை 700 எம்பிக்குச் சுருக்கி, ஒரே சிடியில் அடங்கும் டிவ்எக்ஸ் கோப்பாக வைத்துக்கொள்வதுதான் வழக்கம். அன்றைய மானிட்டரில் நன்றாகத்தான் தெரிந்தது. இன்று 55 அங்குல 4கே டிவியில் போட்டால் முகங்கள் கட்டம் கட்டமாகச் சிதறுகின்றன. சுருக்கும்போது தொலைந்த விவரத்தை இனி எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

டிவிடியில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. நொடிக்கு 24 பிரேம் ஓடும் சினிமாவை என்டிஎஸ்சி டிவிடிக்கு மாற்றும்போது ஒவ்வொரு பிரேமையும் ஒற்றை வரி, இரட்டை வரி என அரைப் படங்களாகப் பிரித்து, மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு என்று அடுக்குவார்கள். இதைச் சரியாகப் பிரிக்காமல் ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் போட்டுச் சுருக்கினால், நடனக் காட்சியில் கை வீசும் இடமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடுகள் விழும். அது கோப்பில் நிரந்தரமாகப் பதிந்தும் போகும். அசல் அப்படியே இருந்தால் இன்றைய பிளேயர் சரியாகக் காட்டாவிட்டாலும் நாளைய பிளேயர் காட்டும். அதனால் ஹேண்ட்பிரேக் வேண்டாம் என்பதில்லை. போனில் பார்க்க ஒரு சின்னப் பிரதி எடுக்க அது அருமையான கருவி. சின்னப் பிரதி இருக்கிறதே என்று அசலை அழிப்பதுதான் கூடாது.

எம்கேவி நாளைக்கும் திறக்குமா என்ற கவலை நியாயமானது. மெட்ரோஸ்கா என்ற இந்த வடிவம் 2002-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. 2024-ல் இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அதன் விவரக்குறிப்பை ஆர்எஃப்சி 9559 ஆக வெளியிட்டது. விவரக்குறிப்பு பொதுவில் இருப்பதால் யார் வேண்டுமானாலும் இதற்கு பிளேயர் எழுதலாம். டிவிடியின் எம்பெக்-2 வீடியோவுக்கு அமெரிக்காவில் இருந்த கடைசிக் காப்புரிமையும் 2018-ல் முடிந்துவிட்டது. ஆக, கோப்பைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. எம்கேவியில் டிவிடி மெனு வராது. மெனுவின் இசையும் படங்களும் வேண்டுமென்றால் டிஸ்க்கை முழுதாக ஐஎஸ்ஓவாகவும் எடுத்து வைக்க வேண்டும். மேக்எம்கேவி முழுக்கத் திறந்த மூல மென்பொருள் அல்ல. டிவிடிக்கு இலவசம் என்றாலும் ப்ளூரேவுக்கான இலவச பீட்டா சாவி அவ்வப்போது காலாவதியாகும், புதிதாகப் போட வேண்டும். சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் 1998-ன் டிஎம்சிஏ சட்டம் டிஸ்க்கின் நகல் தடுப்புப் பூட்டைத் திறப்பதையே தடுக்கிறது. இந்தியாவில் 2012-ல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டைத் திறப்பதைக் குற்றமாக்குகிறது. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கை வீட்டுக்குள் பார்க்க எடுத்துவைப்பது ஒன்று, ஊருக்குப் பகிர்வது வேறு.

எடுத்த கோப்புகளை டிவியில் காட்ட ஜெல்லிஃபின் போதும். எம்பி என்ற சர்வர் மென்பொருள் தன் மூல நிரலை மூடிக்கொண்டபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து வந்த இலவச மென்பொருள் இது. இதன் போட்டியாளரான பிளெக்ஸ், சொந்தக் கோப்பை வெளியூரிலிருந்து பார்ப்பதற்கே 2025-ல் கட்டணம் வைத்தது. சர்வர்கள் இப்படித்தான் மாறும். அதனால் படத்தின் விவரங்களை சர்வரின் வயிற்றுக்குள் மட்டும் விடாமல், கோப்பின் பக்கத்திலேயே என்எஃப்ஓ கோப்பாகச் சேமிக்கும் வசதியை ஜெல்லிஃபினில் முதல் நாளே இயக்கிவிட வேண்டும். போல்டர் பெயரில் ஆண்டும் அவசியம். வெறும் 'விக்ரம்' என்றிருந்தால் 1986 படமா, 2022 படமா? இரண்டிலும் கமல்ஹாசன்தான் நாயகன்.

டிடிஎஸ் விஷயத்தில் ஜெல்லிஃபின் நன்றாகவே கைகொடுக்கிறது. சாம்சங் 2018 மாடல்களிலிருந்து டிவியில் டிடிஎஸ் ஆதரவை நிறுத்தியது. எல்ஜி 2020-ல் நிறுத்தி, 2023-ல் சில மாடல்களில் திரும்பக் கொண்டுவந்தது. ஆதரவில்லாத டிவியில் டிடிஎஸ் கோப்பைப் பென்டிரைவில் போட்டால் படம் ஓடும், சத்தம் வராது. ஜெல்லிஃபின் டிவியின் திறனைப் பார்த்து ஒலியை மட்டும் போகிற போக்கில் மாற்றி அனுப்புகிறது. வீடியோவைத் தொடுவதில்லை, மூலக் கோப்பும் மாறுவதில்லை.

சப்டைட்டிலில்தான் அது திணறுகிறது. டிவிடி சப்டைட்டில் எழுத்தாக இல்லாமல் படமாக இருக்கிறது. பல டிவி செயலிகளுக்கு அதைக் காட்டத் தெரியாது. உடனே சர்வர் வீடியோ முழுவதையும் சப்டைட்டிலோடு மறுபடி உருவாக்க முனையும், சின்னக் கம்ப்யூட்டர் என்றால் படம் நின்று நின்று ஓடும். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் அந்தப் படங்களை எழுத்தாக்கி எஸ்ஆர்டி கோப்பாகப் பக்கத்தில் வைத்தால் சிக்கல் தீரும். ஆங்கிலச் சிறிய 'எல்'லையும் பெரிய 'ஐ'யையும் அது குழப்பிக்கொள்ளும், ஒருமுறை கண்ணால் சரிபார்த்தாக வேண்டும்.

இடம் எவ்வளவு வேண்டும்? டிவிடிக்கு 7 ஜிபி, ப்ளூரேவுக்கு 35 ஜிபி என்று வைத்தால், 8 டிபி ஹார்டுடிஸ்க் ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டிவிடிகள் அல்லது இருநூறுக்கும் மேற்பட்ட ப்ளூரேக்கள் அடங்கும். வாங்கும்போதே இரண்டாக வாங்க வேண்டும். இரண்டு டிஸ்க்கை ரெய்டில் இணைத்து ஒரே பெட்டியில் வைப்பது காப்புப் பிரதி ஆகாது. தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் அழியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்த சென்னை வீடுகளுக்கு, ஒரே வீட்டில் எல்லாவற்றையும் வைப்பதன் ஆபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது டிஸ்க் வேறு ஊரில், உறவினர் வீட்டில் இருக்கட்டும். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணை எடுத்து ஒரு உரைக்கோப்பில் வைத்து, வருடம் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தால் எந்தக் கோப்பு கெட்டது என்று உடனே தெரியும், நல்ல பிரதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

டிரைவ் இல்லாதவர்கள் அதை முதலில் வாங்கிவிட வேண்டும். சாம்சங் 2019-லேயே புதிய ப்ளூரே பிளேயர்களை அமெரிக்கச் சந்தையில் விடுவதில்லை என்று அறிவித்தது, எல்ஜியும் 2024-ல் பிளேயர் தயாரிப்பை நிறுத்தியது. கம்ப்யூட்டரில் யுஎஸ்பியில் செருகும் டிரைவ்கள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. டிரைவ் வந்ததும் எந்த ஓடிடியிலும் இல்லாத படங்களின் டிஸ்க்குகளைத் தனியே பிரித்து, அவற்றிலிருந்து தொடங்கலாம்.