சுவானி நதியை எழுதியவர் எட் நார்ட்டன்

நியூ ஜெர்சியில் நாங்கள் குடியிருக்கும் ஊரின் நூலகத்துக்குக் கீழ்த்தளத்தில் ஒரு கூடம் உண்டு. வருமான வரிப் படிவம் நிரப்பச் சொல்லித் தருவார்கள், ரத்ததான முகாம் நடக்கும், மழை நாட்களில் குழந்தைகளுக்குக் கதை சொல்வார்கள். போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை அங்கே பழைய தொலைக்காட்சி நகைச்சுவையும் பழைய பாட்டும் சேர்ந்த ஒரு நிகழ்ச்சி. அனுமதி இலவசம், காபியும் பிஸ்கட்டும் உண்டு. "வீட்ல உக்காந்து போனைத் தேச்சுக்கிட்டு இருக்கறதுக்கு அங்க போய் உக்காரலாம், கிளம்புங்க" என்றாள் மனைவி. கிளம்பினோம்.

சுமார் 60 பேர் வந்திருந்தார்கள். எங்களையும் இன்னும் நாலைந்து பேரையும் விட்டால் எல்லோரும் 70 வயதைத் தாண்டியவர்கள். முதலில் இரண்டு தொடர்களிலிருந்து ஒவ்வொரு பகுதி. பிறகு ஒரு மணி நேரம் ஒருவர் பியானோ வாசிக்க, கூட்டம் சேர்ந்து பாட வேண்டும். வாசலில் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். பாடப்போகும் பாட்டுகளின் பெயர்கள் அதில் வரிசையாக இருந்தன. பெயர்கள் மட்டும்தான், எழுதியது யார், இசை யார், எந்த வருஷம் என்று ஒன்றும் இல்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

முதலில் போட்டது 'ஐ லவ் லூசி'. 1952இல் வந்த மிட்டாய்த் தொழிற்சாலைப் பகுதி. எங்கேயாவது ஒரு துண்டாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓடும் பட்டையில் சாக்லெட் வருகிறது, லூசியும் எத்தலும் காகிதம் சுற்ற வேண்டும், பட்டையின் வேகம் கூடுகிறது, சுற்ற முடியாததை வாயில் போடுகிறார்கள், தொப்பிக்குள் திணிக்கிறார்கள். பாஷையே தெரியாதவர்கூட விழுந்து விழுந்து சிரிக்கலாம். கூடம் அதிர்ந்தது. அதில் விளக்கிச் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் அதன் பெருமை. ஒரு வாரமாக என் மண்டையைக் குடைவது இரண்டாவதாகப் போட்ட படம்.

'தி ஹனிமூனர்ஸ்' நம்மவர்களுக்கு அவ்வளவு பழக்கமில்லை. நாயகன் ரால்ஃப் கிராம்டன் புரூக்ளினில் பஸ் ஓட்டுகிறவன். வீட்டில் ஒரு மேஜை, அடுப்பு, ஐஸ் பெட்டி, ஒரு ஜன்னல். மனைவி ஆலிஸ். மாடியில் நண்பன் எட் நார்ட்டன், பாதாளச் சாக்கடையில் வேலை. ரால்ஃபாக நடித்த ஜாக்கி கிளீசன் புரூக்ளினில் வறுமையில் வளர்ந்தவர்; தான் சிறுவயதில் இருந்த தெருவின் முகவரியையே ரால்ஃபுக்குக் கொடுத்தார். 1955-56இல் நியூயார்க்கின் அடெல்ஃபி அரங்கில், ரசிகர்களை எதிரே உட்கார வைத்து 39 பகுதிகள் எடுத்தார்கள். அதில் கேட்கும் சிரிப்பு அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்த சிரிப்பு.

அன்று போட்டது 1956 ஜனவரி 28 அன்று ஒளிபரப்பான பகுதி. அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில்தான் 64,000 டாலர் பரிசுள்ள வினாடி வினா ஒன்று தொடங்கி நாடே அதன் பின்னால் பித்துப் பிடித்து அலைந்தது. அதைக் கிண்டல் செய்து இவர்கள் தொகையை 99,000 ஆக்கினார்கள். ரால்ஃபுக்கு அந்த நிகழ்ச்சியில் கலந்துகொள்ள வாய்ப்பு வருகிறது. அவன் எடுத்த தலைப்பு பழைய பாடல்கள். பியானோவை வாடகைக்கு எடுக்கிறான், ராப்பகலாகப் படிக்கிறான். நார்ட்டன் ஒரு மெட்டை வாசிக்க வேண்டும், ரால்ஃப் அது என்ன பாட்டு, யார் எழுதியது என்று சொல்ல வேண்டும். பிசகே இல்லாமல் சொல்கிறான். ஒரே ஒரு தொல்லை. நார்ட்டன் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் கையைச் சுழற்றி, விரலை நீட்டி மடக்கி, 'சுவானி நதி' பாட்டின் தொடக்கத்தை வாசித்துச் சூடேற்றிக்கொண்டுதான் கேட்ட பாட்டுக்குப் போகிறான். அது இல்லாமல் அவனுக்கு விரல் ஓடாது. ரால்ஃபுக்கு ரத்தம் கொதிக்கிறது.

நிகழ்ச்சி நாள். முதல் கேள்வி: சுவானி நதியை இயற்றியவர் யார்? ரால்ஃபின் முகம் வெளிறுகிறது, வியர்க்கிறது, திணறுகிறான். கடைசியில் மெல்ல, கேள்வி போலவே, "எட் நார்ட்டன்?" என்கிறான். அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது.

எனக்கு இந்தக் கட்டம் அநேகமாக மனப்பாடம். தனியாகப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பதிலுக்குத்தான் சிரித்திருக்கிறேன். கூடத்தில் வேறு மாதிரி நடந்தது. நார்ட்டன் முதல் தடவை கையைச் சுழற்றும்போதே எனக்குப் பின்வரிசையில் ஒரு பெரியவர் கெக்கெக்கென்று தொடங்கிவிட்டார். கேள்வி கேட்டு முடிக்கும் முன்பே கூடம் முழுக்கச் சிரிப்பு. படத்துக்குள் இருக்கும் 1956ஆம் வருஷத்து ரசிகர்களுக்கு முடிவு தெரியாது. சிலர் ஊகித்திருக்கலாம், ஆனாலும் அவர்களுடைய பெரிய சிரிப்பு பதிலுக்கு அப்புறம்தான் வருகிறது. அது வந்தபோது எங்கள் கூட்டம் ஏறக்குறைய அடங்கியிருந்தது. யாரோ ஒரு பாட்டி "ஐயோ பாவம்" என்கிற மாதிரி ஒரு சத்தம் எழுப்பினார்.

இந்த மாதிரிச் சமூக நிகழ்ச்சிகளின் பலன் இதுதான் என்று நினைக்கிறேன். முடிவு தெரிந்தவர்கள் 60 பேர் சேர்ந்து உட்காரும்போது நகைச்சுவையின் எடை இடம் மாறிவிடுகிறது. முதல் தடவை பார்ப்பவருக்கு ரால்ஃப் ஒரு மண்டு. தெரிந்து பார்ப்பவருக்கோ, கேட்கப்போகிற கேள்வி முன்னாலேயே வந்து வந்து கதவைத் தட்டுகிறது, இவன் "நிறுத்துடா" என்று விரட்டி விரட்டி அடிக்கிறான். நண்பனிடம் ஒருமுறை, ஒரே ஒருமுறை, "இது யார் பாட்டுடா?" என்று கேட்டிருந்தால் போதும். தெரிய வேண்டியதைத் தொந்தரவு என்று தள்ளுவதுதான் அவன் செய்த பிழை. அப்புறம் இன்னொன்று. சில வருஷம் கழித்து அந்தப் பரிசு நிகழ்ச்சிகள் சிலவற்றில் போட்டியாளர்களுக்கு விடையை முன்கூட்டியே கொடுத்த மோசடி வெளிவந்தது. ரால்ஃபுக்கும் விடையை முன்கூட்டியே ஒருவன் கொடுத்துக்கொண்டுதான் இருந்தான், கெட்ட எண்ணமில்லாமல். அவன்தான் வாங்கிக்கொள்ளவில்லை.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். பியானோக்காரர் கையைச் சுழற்றி, விரலை நீட்டி மடக்கி, நார்ட்டன் மாதிரியே அதே பாட்டை எடுத்தார். ஒரே கைதட்டல். எல்லோரும் பாடத் தொடங்கினார்கள். எனக்கு முன்வரிசையில் ஒரு கறுப்பினத் தம்பதி. படத்துக்கு எங்களோடு சேர்ந்து சிரித்தவர்கள். பாட்டு தொடங்கியதும் அந்த மனிதர் தாளை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். அதில் படிக்க என்ன இருக்கிறது? பத்துப் பன்னிரண்டு பெயர்கள். பாட்டு முடியும்வரை படித்துக்கொண்டே இருந்தார்.

ரால்ஃபிடம் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் ஸ்டீஃபன் ஃபாஸ்டர். 1851இல் எழுதியது. அந்த நதியை அவர் அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை. வரிக்குப் பொருந்தும் பெயர் தேடி வரைபடத்திலிருந்து எடுத்துக்கொண்டார். பாட்டு எழுதப்பட்டது கிறிஸ்டி என்பவரின் மின்ஸ்ட்ரல் குழுவுக்காக. மின்ஸ்ட்ரல் என்றால் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு கறுப்பின மக்களைப் போலப் பேசியும் ஆடியும் சிரிக்கவைக்கும் மேடைக் கூத்து. இந்தப் பாட்டில் பேசுவது வீட்டை விட்டுத் தொலைதூரம் வந்த ஒரு கறுப்பின மனிதன். அவன் ஏங்குவது பழைய தோட்டத்துக்காக. அடிமைகளை வேலை வாங்கிய தோட்டம்தான் அது. வார்த்தைகளும் கொச்சையாக்கிய உச்சரிப்பில் எழுதப்பட்டவை. ஃபுளோரிடா மாநிலம் 1935இல் இதைத் தன் மாநிலப் பாட்டாக்கியது. 2008இல் வார்த்தைகளை மாற்றி அமைத்தது.

இதில் ஒரு வேடிக்கை. முதலில் அச்சான தாளில் எழுதியவர் என்று ஃபாஸ்டரின் பெயர் இல்லை, கிறிஸ்டியின் பெயர்தான் இருந்தது. ஃபாஸ்டர் தன் பெயர் போடும் உரிமையை அவருக்கு விற்றிருந்தார். அடுத்த வருஷமே மனசு கேட்காமல், என் பெயரையே போட்டுக்கொள்கிறேன் என்று எழுதிக் கேட்டார். கிறிஸ்டி மறுத்துவிட்டார். ஃபாஸ்டர் 1864இல் நியூயார்க்கில் 37 வயதில் இறந்தபோது அவருடைய பணப்பையில் இருந்தது 38 சென்ட். ஆக, 1850களில் யாராவது மேடையில் அந்தக் கேள்வியைக் கேட்டு, அச்சிட்ட தாளைப் பார்த்து ஒருவன் "கிறிஸ்டி" என்று சொல்லியிருந்தால் பரிசு கிடைத்திருக்கும். தப்பான பதிலுக்குப் பரிசு.

கிளீசன் கதையும் இதுதான். 1950களில் அவர் பெயரில் மெல்லிசை ரெக்கார்டுகள் லட்சக்கணக்கில் விற்றன. 1952இல் வந்த முதல் தட்டு பெரிய வெற்றி. அவருக்கு இசைக்குறிப்பு எழுதவோ படிக்கவோ தெரியாது. தோன்றும் மெட்டை முனகிக் காட்டுவார், மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். அந்தத் தட்டைக் கேட்பவர் மனதில் நிற்பது பாபி ஹாக்கெட்டின் டிரம்பெட். அட்டையில் பெரிதாக நிற்பது கிளீசனின் பெயர். இந்த விஷயத்தில் அந்தத் தொடரில் விவரமாக இருந்தவர் ஆலிஸாக நடித்த ஆட்ரி மெடோஸ். வழக்கறிஞரான சகோதரர் அவருடைய ஒப்பந்தத்தில் மறுஒளிபரப்புக்கும் பணம் உண்டு என்று ஒரு வரி சேர்க்கவைத்தார். அந்த 39 பகுதிகள் திரும்பத் திரும்ப ஓடியபோது அவருக்குக் காசு வந்தது. நார்ட்டனாக நடித்த ஆர்ட் கார்னிக்கு அப்படி ஒரு வரி இல்லை.

"சரி, யார் எழுதினா என்ன? பாட்டு நல்லா இருக்கில்ல?" காரில் வரும்போது மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. நம் ஊரிலும் அப்படித்தானே. 1958இல் வந்த 'நாடோடி மன்னன்' படத்தில் தம்பியைத் தூங்காதே என்று எழுப்பும் பாட்டை எங்கள் அப்பா சாகும்வரை "எம்ஜிஆர் பாட்டு" என்றுதான் சொன்னார். பாடிய டி.எம்.எஸ். இரண்டாவதாக ஞாபகம் வருவார். எழுதிய பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் மறு வருஷமே 29 வயதில் போய்விட்டார். ஆனால் அப்பா சொன்னது பொய்யா? அந்தப் பாட்டு அவரிடம் வந்து சேர்ந்தது எம்ஜிஆரின் முகத்தோடுதான். ரால்ஃபிடம் சுவானி நதி வந்தது நார்ட்டனின் விரல் வழியாக. பக்கத்திலிருந்து வாசிக்கிறவனின் பெயரில்தான் பாட்டு நம் மனதில் பதிகிறது. அந்த அளவில் ரால்ஃபின் பதில் நேர்மையான பதில், அதனால்தான் அந்தப் பாட்டி ஐயோ பாவம் என்றார்.

ஆனால் அன்போடு சொன்ன தப்பான பதிலும் தப்பான பதில்தான். அந்தப் பகுதி ஒளிபரப்பான வாரங்களில் அலபாமாவின் மாண்ட்கமரி நகரத்தில் கறுப்பின மக்கள் பஸ்ஸைப் புறக்கணித்து வேலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். தொலைக்காட்சியில் ஒரு பஸ் டிரைவர் சுவானி நதிக்குத் தடுமாறுகிறான், நாடு சிரிக்கிறது. கிளீசன் மேல் இதை வழக்காகப் போடவில்லை. சிரிப்புக்கு அப்படியெல்லாம் கணக்குக் கேட்க முடியாது. நானும் அன்று வயிறு வலிக்கத்தான் சிரித்தேன். ஆனால் 60 பேரைக் கூட்டி, அதே பாட்டைப் பாடச் சொல்லும்போது கணக்கு உண்டு. பாட்டை விலக்கி வைக்க வேண்டும் என்பதல்ல என் கட்சி. ஃபுளோரிடாவில் வளர்ந்த ரே சார்ல்ஸ் 1957இல் அதே பாட்டை எடுத்து, வேறு தாளம் வைத்து, குதித்தெழ வைக்கும் ஆட்டப் பாட்டாகத் தனக்கென்று ஆக்கிக்கொண்டார். அதையும் அன்று ஒலிக்கவிட்டிருக்கலாம். அதற்கு முன்னால் இரண்டு நிமிஷம், இது யார் எழுதியது, யார் மேடையில் பாடப்பட்டது, யாரைப் போல நடித்துப் பாடினார்கள் என்று சொல்லியிருக்கலாம். நூலகத்தில் நடக்கும் நிகழ்ச்சி, மேல்தளம் பூராவும் புத்தகம்.

முன்வரிசைக்காரரிடம் நான் எதுவும் பேசவில்லை. என்னவென்று பேச? ஆனால் அவர் தாளில் எதைத் தேடியிருந்தாலும் அது அங்கே இல்லை என்பது தெரியும். அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் எழுதியவர் பெயர், மெட்டமைத்தவர் பெயர், வருஷம் என்று பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன். சுவானி நதிக்கு மட்டும் இடம் போதாமல் பின்பக்கம் போக வேண்டியதாயிற்று. அடுத்த நிகழ்ச்சிக்கு முன் நூலகத்தில் கொடுத்துவிட்டு வர வேண்டும்.