எட்டாவது மதம்

நன்னூற் பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூலுக்கு உரிய மதங்கள் ஏழு என்று எண்ணிக் காட்டியிருப்பதைத் தமிழாசிரியர் அறிவர். பயிற்சிக் காலத்தில் மனப்பாடம் செய்து, தேர்வு எழுதி, பின்னர் மறந்துவிடும் பகுதிகளுள் அதுவும் ஒன்று. ஈண்டு மதம் என்றது சமயத்தை அன்று, கருத்தை, கொள்கையை. பிறர் கருத்துக்கு உடன்படலாம்; மறுக்கலாம்; முதலில் ஏற்றுப் பின்னர்க் களையலாம்; தானே ஒன்றை நாட்டி அதனை இறுதிவரை நிலைநிறுத்தலாம்; இருவர் மாறுபட்ட இடத்தில் ஒரு பக்கம் துணியலாம்; பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம்; எவரோடும் படாமல் தன் கருத்தையே கொள்ளலாம்.

இவ்வேழையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஒவ்வொன்றிலும் எதிரே இன்னொருவர் இருக்கிறார். அவர் சொன்னது முன்னரே கேட்கப்பட்டிருக்கிறது. ஏழாவது மதத்திற்குக்கூட இது பொருந்தும். பிறர் கொள்கை இன்னதென்று அறிந்தவனே அதனோடு படாமல் நிற்க இயலும். அறியாதவன் படாதிருப்பதில் பெருமை யாது?

இக்காலத்தில் நாள்தோறும் காதில் விழும் கருத்துகளுட் பல இவ்வேழனுள் எதிலும் அடங்குவதில்லை. தலைப்பைக் கண்ட அளவில் செய்தியைப் பற்றி ஒரு சொல். அட்டையைக் கண்ட அளவில் நூலைப் பற்றி ஒரு சொல். வழக்கு நடக்கிறது என்று கேட்ட அளவில் சட்டத்தைப் பற்றி ஒரு தீர்ப்பு. உடன்பாடும் அன்று, மறுப்பும் அன்று. முனிவர் எண்ணாமல் விட்ட எட்டாவது மதம் என்று இதனைக் கொள்ளலாம்.

இதனைக் கல்லாதார் இயல்பு என்று ஒதுக்குவோர் உளர். அது பிழை. நெகிரி செம்பிலான் தோட்டங்களில், ரந்தாவ், லிங்கி, லாபு, பகாவ் பக்கங்களில், பால்மரம் வெட்டி வாழ்ந்த தலைமுறையை எண்ணுக. எழுத்தறிந்த ஒருவர் மாலையில் லயத்து வாசலில் அமர்ந்து, 1924இல் தோன்றிய தமிழ் நேசனையோ 1935இல் தோன்றிய தமிழ் முரசையோ உரக்கப் படிப்பார். சூழ இருந்தோர் கேட்பர், பிறகு பேசுவர். அவருட் பலருக்குக் கையொப்பமிடவும் தெரியாது. ஆயினும் செய்தியை முழுதுங் கேட்ட பின்னரே வாய் திறந்தனர். படிப்பவர் இடையில் நிறுத்தமாட்டாராதலின் வேறு வழியும் இல்லை! எழுதப் படிக்கக் கற்ற பேரப்பிள்ளைகளே இன்று பாதிச் செய்தியில் நின்று கருத்துரைக்கின்றனர்.

பேச்சுவாக்கிற் பிறக்கும் கருத்து இழிந்ததும் அன்று. தமிழ்த் திறனாய்வின் ஒரு கிளை அதிலிருந்தே தழைத்தது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் வீட்டில் கூடிய வட்டத்தொட்டியை நினைவுகூர்க. நண்பர் பலர் அங்கே அமர்ந்து கம்பனைச் சுவைத்தனர். மேடையில்லை, தலைவரில்லை. டி. கே. சி. ஒரு பாடலைத் திரும்பத் திரும்ப வாய்விட்டுச் சொல்வார். ஓசை எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்பதைச் செவிக்குக் காட்டுவார். உரையாசிரியர் பலர் பதவுரையால் மூடிவிட்ட கவிதையை அவர் செவி மீட்டுக் கொடுத்தது என்றால் மிகையாகாது. அங்கே எழுந்த வியப்புச் சொல்லும் கருத்துத்தான். ஆனால் பாடல் பலமுறை கேட்கப்பட்ட பின் எழுந்த கருத்து.

அவரே வழுக்கிய இடமும் உண்டு. கம்பராமாயணத்தில் எவை கம்பன் வாக்கு, எவை பிறர் செருகியவை என்று அவர் தம் சுவையையே அளவுகோலாகக் கொண்டு துணிந்தார். தம் செவிக்கு ஒவ்வாத பாடல்களை விலக்கினார், சொற்களையும் திருத்தினார். இடைச்செருகல் உண்டு என்பது உண்மையே. ஆயினும் ஒரு பாடல் நன்றாக இல்லை என்பது வேறு, அது கம்பன் பாடியதன்று என்பது வேறு. முன்னது சுவைப்போன் உரிமை. பின்னதற்கு ஏடு சான்று கூறவேண்டும். பெருங்கவிஞனும் சில வேளை இளைத்துப் பாடுவதுண்டன்றோ? டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்தவர். தாம் கொண்ட பாடத்தை மேலே அமைத்து, ஏடுகளில் கண்ட வேறு பாடங்களையும் அடிக்குறிப்பில் காட்டும் வழக்கம் அவருடையது. தம்மோடு மாறுபடுதற்கு வேண்டிய கருவியைப் படிப்போன் கையில் கொடுத்து வைத்தார். டி. கே. சி.யின் பதிப்பில் அவ்வழி அடைபட்டுக் கிடக்கிறது.

அந்த வட்டத்தின் காற்று மலாயாவிலும் வீசியது. டி. கே. சி.யிடம் பேரன்பு பூண்டிருந்த கு. அழகிரிசாமி 1950களில் கோலாலம்பூருக்கு வந்து தமிழ் நேசனில் ஆசிரியப் பணி ஏற்றார். 1957இல் தமிழகம் திரும்பினார். அதற்கு முன்னரே, 1950இல், சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அவ்விதழில் கதை வகுப்பு நடத்தி இளையோரை எழுதப் பழக்கியிருந்தனர். அழகிரிசாமி இலக்கிய வட்டம் என்னும் பெயரில் எழுத்தாளரைக் கூட்டினார். எழுதியவர் எதிரிலேயே இருக்க, அவர் கதையைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. இது சிறிய செய்தி போலத் தோன்றும். எழுதியவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, கதை நன்றாக இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போக எவராலும் முடியாது. எந்த இடம் என்ற வினா உடனே வரும்.

இசையிலும் இதுவே. ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் கல்கி எழுதியவை சாதாரண ரசிகன் பேச்சுப் போன்றே இருக்கும். ஆயினும் கச்சேரியில் அமர்ந்து கேட்டு எழுதியவை. பழைய பாட்டே பாட்டு, புதியதெல்லாம் இரைச்சல் என்று தோட்டத்துத் திருவிழாவில் சொல்லப்படும் கருத்தில் எந்தப் பாட்டு என்ற குறிப்பே இருப்பதில்லை.

நூலும் பாட்டும் தவறாக மதிக்கப்பட்டால் கேடு சிறிது. அடுத்த தலைமுறை திருத்திக்கொள்ளும். சட்டத்தைப் பற்றிய எட்டாவது மதம் அத்தகையதன்று. தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று சில அமைப்புகள் 2019இல் வழக்குத் தொடுத்தபோது தோட்டந்தோறும் இரு குரல்கள் எழுந்தன. பள்ளிகளை மூடிவிடுவர் என்றது ஒன்று. எவராலும் தொடமுடியாது என்றது மற்றொன்று. இரண்டும் 152ஆம் பிரிவைப் படியாமற் சொன்னவை.

அப்பிரிவு மலாயை நாட்டுமொழி என்கிறது. உடனே, அலுவல் நோக்கம் ஒழிந்த பிறவற்றுக்கு வேறு மொழியைப் பயன்படுத்துவதையும், எம்மொழியையும் கற்பிப்பதையும் கற்பதையும் தடுத்தலாகாது என்கிறது. அலுவல் நோக்கம் யாது என்பதற்கும் அதிலேயே விளக்கம் உண்டு: அரசின் நோக்கம், பொது அதிகார அமைப்பின் நோக்கமும் அதில் அடங்கும். ஆகவே தமிழ்ப்பள்ளி பொது அதிகார அமைப்பா என்பதே வழக்கின் உயிர்நிலை. அன்று என்று கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் 2021 டிசம்பர் 29ஆம் நாள் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2023 நவம்பரில் பள்ளிகள் பக்கமே நின்றது. ஒரு சொல்லின் பொருளை வரையறுப்பதில் இத்துணை வாதம் நிகழ்ந்தது. தமிழாசிரியருக்கு இது பழகிய தொழில் அன்றோ?

1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 21(2) பிரிவைச் சொல்லி இன்றும் அச்சுறுத்துவோர் உளர். தேசிய மாதிரிப் பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்ற அமைச்சருக்கு அதிகாரம் தந்த பிரிவு அது. அதற்குப் பதிலாக வந்த 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்பிரிவு இல்லை. இறந்த பிரிவு வாய்மொழியில் வாழ்கிறது.

இம்மாநிலத் தமிழ்ப்பள்ளிகள் அறுபதுக்குச் சற்று மேற்பட்டவை. தோட்டம் செம்பனைக்கும் வீட்டு மனைக்கும் மாறி, குடும்பங்கள் நகர்ப்புறத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பின் தோட்டப் பள்ளிகளுட் பல மெலிந்துள்ளன. அத்தகைய பள்ளியில், எப்படியும் மூடிவிடுவார்களாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மூன்று பெற்றோர் பிள்ளைகளை வேறிடத்தில் பதிந்தால் அவ்வாண்டு முதலாம் ஆண்டு வகுப்பில் எஞ்சுவோர் எத்தனை பேர்?

152ஆம் பிரிவு நெடியதன்று. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அதனைத் தமிழில் ஒருமுறை உரக்கப் படிக்கச் சில நிமிடங்களே ஆகும். படித்து முடித்த பின் எவரும் எக்கருத்தும் சொல்லட்டும்.