கைராசியாவது ஒன்றாவது!

வேலூர் முள்ளுக் கத்தரிக்காயைச் செடியிலிருந்து பறித்த கையோடு எண்ணெய்க் குழம்பு வைத்துச் சாப்பிட்டிருக்கிறீர்களா? ஒரு முறை சாப்பிட்டுவிட்டால் சந்தைக் கத்தரிக்காயை ஏறெடுத்தும் பார்க்க மாட்டீர்கள். காம்பிலும் இலையிலும் முள். பறிக்கும்போதே விரலைப் பதம் பார்க்கும். ஆனால் வாயில் போட்டால் வெண்ணெயாய்க் கரையும்! 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கத்தரி எங்கள் மொட்டை மாடியில், சாதாரணப் பையில், காய்த்துத் தள்ளுகிறது.

மாடிக்கு வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொல்கிறார்கள்: “உங்களுக்குக் கைராசிங்க!” கைராசியாவது ஒன்றாவது! வெயில் பார்த்து இடம், பட்டம் பார்த்து விதை, பருவம் பார்த்து உரம். இந்த மூன்றும் சரியாக அமைந்தால் யார் கை வைத்தாலும் காய்க்கும்.

பை வாங்குவதற்கு முன்னால் ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். காலை, உச்சி, மாலை மூன்று வேளையும் தண்ணீர்த் தொட்டியின் நிழலும் கைப்பிடிச் சுவரின் நிழலும் எங்கே விழுகின்றன என்று கோடு போடுங்கள். ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடம் கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டைக்கு. நிழல் கொஞ்சம் தட்டும் இடம் புதினாவுக்கும் கீரைக்கும். புடலை, பீர்க்கை, பாகலுக்கான பந்தல் வடக்கு ஓரத்தில் இருக்கட்டும். அதன் நிழல் பெரும்பாலும் மற்ற செடிகள் மேல் விழாது. பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் வைத்தால் தண்ணீர் வடியும், தளமும் ஓதம் காக்காது.

மண் கலவையும் எளிதுதான். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. கூடவே அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி ஆகிய நுண்ணுயிர்கள். தண்ணீர் தெளித்து ஒரு வாரம் பத்து நாள் அப்படியே விட்டுவிட்டு, பிறகு விதையுங்கள். அந்தப் பொறுமைக்குப் பலன் உண்டு: உள்ளே நுண்ணுயிர்கள் பெருகி, செடிக்குச் சாப்பாடு தயாராக இருக்கும்.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர்களுக்குக் கோயிலே கட்டலாம்! ஆடியில் போட்ட அவரையும் கொடிகளும் எப்படிப் படர்கின்றன என்பதைப் பார்த்தால்தான் தெரியும். வெண்டை 45 நாளில் காய்க்குக் கை நீட்டச் சொல்லும். அரைக்கீரையும் சிறுகீரையும் 25 நாளில் கடையலுக்குத் தயார். எல்லாப் பையிலும் ஒரே நாளில் கீரை தூவாமல் வாரத்துக்கு ஒரு பையாகத் தூவினால் வீட்டில் கீரைக்குப் பஞ்சமே வராது. தக்காளி ஓய்ந்த பையில் கத்தரியோ மிளகாயோ வேண்டாம். மூன்றும் ஒரே குடும்பம், ஒரே நோய்கள். அங்கே கொத்தவரையை ஊன்றுங்கள். அதன் வேர் முடிச்சுகள் தழைச்சத்தை மண்ணுக்குத் தந்துவிட்டுப் போகும்.

இனி உரம். எனக்குத் தலைகால் புரியாத உற்சாகம் வருவது இங்கேதான்! செடி வளரும் பருவத்தில் தழைச்சத்து வேண்டும். அதற்கு மீன் அமிலத்தை அடித்துக்கொள்ள ஆளே இல்லை. மீன் கழிவும் நாட்டுச்சர்க்கரையும் சம எடையில் ஒரு டப்பாவில் போட்டு மூடி, மூன்று வாரம் நிழலில் வைக்க வேண்டும். “ஏன்டி, மீன் தலையைக் குழம்புல போடாம செடிக்கா போடுற?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். வடிகட்டியபோது தேன் நிறத்தில் பழ வாடையோடு ஒரு திரவம்! லிட்டருக்கு 5 மில்லி கலந்து தெளித்தால் போதும், இலை பச்சைப் பசேலென்று நிமிர்ந்துவிடும். கொடுமுடி டாக்டர் கே. நடராஜன் பிரபலப்படுத்திய பஞ்சகவ்யாவும் என் அலமாரியில் எப்போதும் உண்டு. 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி. எதையும் காலையிலோ மாலையிலோ தெளியுங்கள், உச்சி வெயிலில் வேண்டாம்.

பூக்கும் நேரத்தில் தழைச்சத்தைக் குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இலையாக மண்டுமே தவிர பூ வைக்காது. அப்போது மணிச்சத்துக்கு எலும்புத்தூள், சாம்பல் சத்துக்குக் கொஞ்சம் விறகுச் சாம்பல். பூ உதிர்ந்தால் தேமோர்க் கரைசல்: புளித்த மோரும் தேங்காய்ப்பாலும் கலந்து ஒரு வாரம் புளிக்கவைத்து, பத்து மடங்கு தண்ணீரில் தெளிப்பது. அள்ளிக் கொட்டுவதைவிட, பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதுதான் பைச் செடிக்கு உகந்தது.

மாலையில் பீர்க்கம்பூ விரிவதைப் பார்க்க வேண்டுமே! பளீரென்ற மஞ்சள். அடியில் குட்டிப் பிஞ்சு ஒட்டியிருந்தால் பெண் பூ. வெறும் காம்பு என்றால் ஆண் பூ. அந்த நேரத்தில் எங்கள் மாடிக்குத் தேனீ அதிகம் வருவதில்லை. அதனால் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடுகிறேன். சூல் பிடித்த பிஞ்சு ஓரிரு நாளில் வரி வரியாகத் திரண்டு நீளும். பிடிக்காதது மஞ்சளாகி உதிரும். இதைவிடப் பெரிய பொழுதுபோக்கு இருந்தால் சொல்லுங்கள்!

இடமில்லை, நேரமில்லை என்று தள்ளிப்போடாதீர்கள். ஐந்தே ஐந்து பையில் தொடங்குங்கள்: கீரைக்கு இரண்டு, வெண்டை, கத்தரி, மிளகாய்க்கு ஒவ்வொன்று. அருகிலுள்ள தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் மாடித்தோட்டத் தளை (கிட்) மானிய விலையில் கிடைக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, இந்த வாரமே சாக்பீஸோடு மாடி ஏறுங்கள்.