குருதிவழியும் உறைந்த முகங்களும்: ஜாங் ஷியாவ்காங்கின் குடும்ப ஓவியங்கள்

சீனப் பண்பாட்டுப் புரட்சியின் (1966–1976) தாக்கத்தைச் சமகால ஓவியர்கள் பலவாறு கையாண்டுள்ளனர். வாங் குவாங்யி (பி. 1957) அக்காலப் பரப்புரைச் சுவரொட்டி உருவங்களைக் கோக்கா கோலா போன்ற வணிகச் சின்னங்களோடு இணைத்து எள்ளினார். ஜாங் ஷியாவ்காங் (பி. 1958) எள்ளலைத் தவிர்த்துப் பழைய குடும்பப் புகைப்படங்களை நாடினார். அவர் 1993இல் தொடங்கிய 'குருதிவழி: பெரிய குடும்பம்' எனும் ஓவிய வரிசையே இங்கு ஆராயப்படுகிறது.

இவ்வோவியங்களில் தாய், தந்தை, பிள்ளை அனைவரும் ஏறத்தாழ ஒரே முகத்துடன் நேர்நோக்கியுள்ளனர். அழுகையோ சினமோ இல்லை. உணர்ச்சி அடக்கப்பட்டிருப்பதே பதற்றமாக வெளிப்படுகிறது. மெல்லிய சிவப்புக் கோடொன்று அவர்களை இணைக்கிறது. பெற்றோரின் வர்க்கப் பின்னணியே பிள்ளைகளின் தகுதியை முடிவுசெய்த காலம் அது. ஆதலின், அக்கோடு பாசத்தை மட்டுமன்றி, வழிவழியாகச் சுமத்தப்பட்ட பழியையும் குறிப்பதாகக் கொள்ளலாம். 'பெரிய குடும்பம்' எனும் தலைப்பும் வீட்டையும் நாட்டையும் ஒருசேரச் சுட்டுகிறது.

எனினும், ஒரு குறையைக் கூறாதிருத்தல் இயலாது. ஒரே முகம் பல்லாண்டுகள் மீண்டும் மீண்டும் வரையப்பட்டமையால், ஒருமைப்படுத்தலை விமர்சித்த ஓவியமே ஒரு வாய்பாடாயிற்று. இவ்வரிசையின் மூன்றாம் எண் ஓவியம் (1995) 2014இல் ஹாங்காங் ஏலத்தில் ஏறத்தாழ 9 கோடியே 42 இலட்சம் ஹாங்காங் டாலருக்கு விலைபோனது. சந்தை வேண்டுவது எளிதில் அடையாளம் காணத்தக்க முகத்தை. ஓவியர் வரைந்ததோ அடையாளம் இழந்த முகத்தின் துயரை. இம்முரணை மனங்கொண்டு நோக்கினாலன்றித் தொடக்ககால ஓவியங்களின் உண்மை வலிமை புலப்படாது.