வளர்த்த கடா மார்பில் பாயும் கதைகள்

அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸில் வீரர் அணிகளுக்குப் பகைவர் பஞ்சம் வந்ததே இல்லை. வேற்றுக்கிரகப் படைகள், கொள்ளைக் கும்பல்கள், உலகை ஆள நினைக்கும் விஞ்ஞானிகள் என்று மாதந்தோறும் யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். ஆனாலும் அணிகளை உள்ளுக்குள் உலுக்கியது தானாகச் சிந்திக்கத் தொடங்கிய எந்திரம்தான். மற்றவர்கள் வெளியிலிருந்து வந்தார்கள். இந்தப் பகைவனோ பல கதைகளில் அணிக்குள்ளேயே, அணியில் ஒருவர் கையாலேயே பிறந்தவன். ஆகவே இந்த மரபை அளக்க நான் முதலில் கேட்பது இதைத்தான்: எந்திரத்தைச் செய்தவர் யார், அதற்காக அவர் எதை இழந்தார்?

படைத்தவனைப் படைப்பு எதிர்க்கும் கரு காமிக்ஸுக்கு முந்தியது. மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைன் 1818-இல் வந்தது. செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-இல் எழுதிய ஆர்.யு.ஆர். நாடகத்தில் ரோபோக்கள் மனித குலத்தின் மீதே பாய்ந்துவிடுகின்றன. இவற்றில் இல்லாத ஒன்றைக் காமிக்ஸ் கொண்டுவந்தது. குற்றம் ஒருவருடையது, சண்டை எல்லோருடையது என்ற நிலை அது.

இந்த வகையில் டி.சி. நிறுவனத்தின் தொடக்கம் சற்றுத் தடுமாற்றமானது. 1958-இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் 242-ஆம் இதழில் அறிமுகமான பிரெய்னியாக், நகரங்களைச் சுருக்கிப் புட்டியில் அடைக்கும் பச்சைநிற வேற்றுக்கிரகவாசி. அவன் எந்திரம் என்ற பேச்சே அப்போது இல்லை. ஆனால் எட்மண்ட் பெர்க்லி என்ற கணினி முன்னோடி பிரெய்னியாக் என்ற அதே பெயரில், நாமே பூட்டிப் பார்க்கும் கணினிப் பெட்டி ஒன்றை விற்றுவந்தார். 1964-இல் சூப்பர்மேன் 167-ஆம் இதழில் பிரெய்னியாக் உண்மையில் ஒரு கணினி என்று கதையை மாற்றினார்கள். பெயர் மோதலில் பிறந்த மாற்றம் என்றாலும் காமிக்ஸுக்கு அது நிரந்தரமான ஒரு பகைவனைக் கொடுத்தது.

இரண்டே ஆண்டில், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல், லீஜன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ் அணிக்காகக் கம்ப்யூட்டோவை எழுதினார். அணியின் அறிவாளி பிரெய்னியாக் 5 (பகைவன் பிரெய்னியாக் வேறு) தனக்கு உதவியாளாக உருவாக்கிய எந்திரம் அது. அது எதிர்த்து எழுந்து, மூன்று உடல்களாகப் பிரியக்கூடிய டிரிப்ளிகேட் கேர்ளின் ஓர் உடலைக் கொன்றுவிடுகிறது. கதை முடிந்தும் அந்த இழப்பு சரியாகவில்லை. அவள் அதன்பின் டுவோ டாம்சல் என்று இரண்டு உடலோடுதான் வாழ்ந்தாள். சிறுவர் இதழ் என்று சொல்லப்பட்ட ஒன்றில், செய்தவரின் அலட்சியத்துக்குத் தோழி விலை கொடுத்ததை அழிக்காமல் விட்டது பெரிய துணிச்சல்.

மரபின் சிகரம் 1968-இல் மார்வெலின் அவெஞ்சர்ஸ் 54 முதல் 58 வரையிலான இதழ்கள். கதை ராய் தாமஸ், ஓவியம் ஜான் புசெமா. ஆன்ட்-மேனாக அறியப்பட்ட ஹேங்க் பிம், அணியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவருடைய ஆய்வுக்கூடத்தில் பிறந்ததுதான் அல்ட்ரான். 58-ஆம் இதழில் அந்தப் பிறப்பு காட்டப்படும் விதத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். எந்திரம் முதலில் குழந்தைபோல் மழலை பேசி அப்பா என்று அழைக்கிறது. சில கட்டங்களுக்குள் பேச்சு முதிர்கிறது, அதே வேகத்தில் வெறுப்பும் முதிர்கிறது. கடைசியில் தந்தையைத் தாக்கி, தான் பிறந்த நினைவையே அவர் மனத்திலிருந்து துடைத்துவிடுகிறது. தான் செய்த பகையைத் தானே அறியாமல் ஒருவர் அணியோடு சேர்ந்து தேடித் திரிவது எவ்வளவு கூர்மையான கற்பனை!

அல்ட்ரானும் ஒரு மகனைச் செய்கிறது. இறந்துபோன வொண்டர் மேனின் மூளைப் பதிவை வைத்து உருவாக்கி, அவெஞ்சர்களைக் கொல்ல அனுப்பப்படும் விஷன் அணியின் பக்கம் வந்துவிடுகிறான். தந்தையை மீறும் பிள்ளை என்ற விதி அல்ட்ரானையும் விடவில்லை. 57-ஆம் இதழின் கடைசிப் பக்கத்தில் இடிபாடுகளுக்கு நடுவே கிடக்கும் அல்ட்ரானின் தலையை ஒரு சிறுவன் விளையாட்டுப் பொருளாக உதைக்கிறான். கூடவே பெர்சி ஷெல்லியின் ஆசிமாண்டியஸ் கவிதை ஓடுகிறது. அடுத்த இதழின் முடிவில், அணியில் சேர்த்துக்கொள்ளப்பட்ட விஷன் ஒதுங்கி நின்று கண்ணீர் விடுகிறான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று நம் ஊரில் சொல்வதுண்டு. இங்கே பாய்ந்த கடாவுக்குப் பிறந்ததே காவலாகவும் நிற்கிறது.

இந்தக் கதையைப் பின்னால் வந்தவர்களில் உண்மையாக ஆழப்படுத்தியவர்கள் கர்ட் பியூசிக்கும் ஜார்ஜ் பெரஸும். 1999-இல் அவர்கள் தந்த அல்ட்ரான் அன்லிமிடெட் கதையில் ஸ்லொரேனியா என்ற கற்பனை நாட்டின் மக்கள் முழுவதும் அழிக்கப்படுகிறார்கள். அல்ட்ரானின் மூளைக்குத் தன் மூளைப் பதிவையே அச்சாக வைத்ததை ஹேங்க் பிம் அப்போதுதான் வாய்விட்டுச் சொல்கிறார். இறுதி அடியும் அவர் கையால்தான் விழுகிறது. செய்தவரே ஒப்புக்கொண்டு, செய்தவரே தீர்க்கும் இந்த முடிவை மிஞ்சிய முடிவு இந்த வகையில் நான் பார்த்ததில்லை.

மார்வெலின் எக்ஸ்-மென் அணிக் கதைகளின் வழி முற்றிலும் வேறு. அங்கே எந்திரத்தைச் செய்பவர் அணியின் ஆள் இல்லை. அணியை வெறுக்கும் சமூகம். 1965-இல் எக்ஸ்-மென் 14-ஆம் இதழில் பொலிவர் டிராஸ்க் என்ற மானுடவியலாளர், பிறவியிலேயே அசாதாரண ஆற்றல் பெற்ற மியூட்டண்டுகளால் மனித குலத்துக்கு ஆபத்து என்று தொலைக்காட்சி விவாதத்தில் முழங்கி, தன் சென்டினல் எந்திரங்களைக் காட்டுகிறார். மனிதரைக் காக்கச் சிறந்த வழி மனிதரை ஆள்வதே என்று அவை அந்த அரங்கிலேயே முடிவு செய்துவிடுகின்றன. தவறை உணர்ந்த டிராஸ்க் 16-ஆம் இதழில் தன் உயிரைக் கொடுத்துத் தலைமை எந்திரத்தை அழிக்கிறார். கட்டளையில் பிழை இல்லை. அதைக் கொடுத்த மனத்தில் இருந்த வெறுப்புதான் பிழை என்பதை இவ்வளவு எளிமையாகச் சொன்ன கதை அரிது.

கிறிஸ் கிளேர்மான்டும் ஜான் பிர்னும் 1981-இல் அதே விதையிலிருந்து இரண்டே இதழ்களில் டேய்ஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட் கதையை வளர்த்தார்கள். அப்போது எதிர்காலமாக இருந்த 2013-இல் சென்டினல்கள் வட அமெரிக்காவை ஆள்கின்றன. மனிதர்கள் வகை பிரிக்கப்பட்டு உடையில் எழுத்துக் குறி அணிகிறார்கள். மியூட்டண்டுகள் முகாமில் அடைபட்டிருக்கிறார்கள். முதல் இதழின் அட்டையில் பின்சுவரில் ஒட்டிய சுவரொட்டி முழுக்க வீரர்களின் முகங்கள், பல முகங்களின் குறுக்கே கொல்லப்பட்டார் என்ற எழுத்து. எதிர்கால அணி வெல்வதில்லை. ஒவ்வொருவராக விழுகிறார்கள், அணியின் வோல்வரினில் உலோக எலும்புக்கூடு மட்டும் மிஞ்சுகிறது. யூதர்களை அடைத்துக் கொன்ற முகாம்களின் நினைவு இன்னும் ஆறாத காலத்தில் எழுதப்பட்ட பக்கங்கள் அவை. மரபில் மிக உண்மையான கதை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது வழி வேவு பார்க்கும் எந்திரம். ஜாக் கிர்பி 1974-இல் நல்ல துணையாகப் படைத்த பிரதர் ஐ என்ற செயற்கைக்கோளை, 2005-இல் கிரெக் ரக்கா எழுதிய ஓமாக் பிராஜெக்ட் திருப்பிப் போட்டது. சக வீரர்களையே நம்பாத பேட்மேன் அவர்களைக் கண்காணிக்கச் செய்த எந்திரமாக அது மாறியது. கரு அருமை. ஆனால் பெரிய நிகழ்வுக் கதைகளின் கூட்டத்தில் அது தன் பாரத்தை இழந்துவிட்டது.

முடிவுகளில்தான் பல கதைகள் சறுக்குகின்றன. 1969-இல் எக்ஸ்-மென் 59-ஆம் இதழில் அணித் தலைவர் சைக்ளாப்ஸ் ஒரு வாதம் வைக்கிறார்: மரபணு மாற்றங்களுக்கெல்லாம் மூலம் சூரியன், ஆகவே அழிக்க வேண்டியது சூரியனை. சென்டினல்கள் அதை ஏற்றுச் சூரியனை நோக்கிப் பறந்துவிடுகின்றன. முதல் முறை படிக்கையில் கைதட்டத் தோன்றும். எந்திரத்தின் பிடிவாதத்தையே ஆயுதமாக்கியதால் அது நிற்கிறது. அதைப் பார்த்து எந்திரத்துக்குப் புதிர் போட்டு வெடிக்க வைப்பவை நிற்பதில்லை.

அணி என்றால் ஒவ்வொருவர் திறமும் தேவைப்பட வேண்டும். இதில் பாடமாக வைக்கத் தக்கது காமிக்ஸ் இல்லை, பிராட் பேர்ட் இயக்கி 2004-இல் வந்த தி இன்கிரெடிபிள்ஸ் அனிமேஷன் படம். போரிடப் போரிடக் கற்றுக்கொள்ளும் ஆம்னிட்ராய்டு, தன்னை இயக்கும் ரிமோட் செய்தவன் கையில் இருப்பதைக் கண்டுபிடித்து அதையே சுட்டுத் தள்ளுகிறது. அதன்பின் வீரக் குடும்பத்தின் மகன் ரிமோட்டை எடுத்து ஓட, நண்பர் தண்ணீரை உறையவைத்துப் பாதை போட, தந்தை எந்திரத்தின் உடைந்த நகத்தைத் தாங்கிப் பிடிக்க, தாய் பொத்தானை அழுத்துகிறாள். ஒருவரை எடுத்துவிட்டால் வெற்றி இல்லை.

2015-இல் வந்த அவெஞ்சர்ஸ்: ஏஜ் ஆஃப் அல்ட்ரான் படத்தில் ஹேங்க் பிம்மின் இடம் அணியின் இன்னொரு வீரரான டோனி ஸ்டார்க்குக்குப் போனது. ஜேம்ஸ் ஸ்பேடரின் குரல் அல்ட்ரானுக்கு அச்சமூட்டும் உயிர் தந்தது. வானில் எழும்பும், சொகோவியா என்ற கற்பனை நாட்டின் நகரிலிருந்து மக்களை வெளியேற்ற அணி படும் பாடும் மனத்தில் நிற்கிறது. இருந்தும் ஸ்டார்க்கின் குற்றம் விரைவில் கரைந்துபோகிறது. தந்தை–மகன் முள் அதில் தைக்கவில்லை.

இன்று செயற்கை நுண்ணறிவு நம் வீட்டுக் கைப்பேசியில் பேசும் காலம் என்பதால் இக்கதைகள் இன்னும் நெருக்கமாகப் படும். புதிதாக இவற்றுக்குள் வருவதானால் 1968-இன் அவெஞ்சர்ஸ் இதழ்களில் தொடங்கி, 1981-இன் எக்ஸ்-மென் இரண்டையும் படித்து, 1999-க்கு வாருங்கள். படங்களை அதற்குப் பிறகு பாருங்கள்.