ரோடியோப் படங்களும் மறைந்த முகங்களும்

புகைப்படக் கலை பற்றி வெளிவரும் நூல்களிற் பெரும்பாலானவை கருவிக் கைநூல்களாகவே அமைந்துவிடுகின்றன. எந்த வில்லை, எவ்வளவு துவாரம், விநாடியில் எத்தனையிலொரு பங்கு என்ற கேள்விகளுக்கு அவை விடை தருகின்றன; யாரைக் காட்டுவதற்கு, எதை விட்டுவிடுவதற்கு என்ற கேள்விகள் அவற்றில் எழுவதேயில்லை. மறுபுறத்தில், படங்களை அழகியல் நோக்கில் விமர்சிப்போர் கருவியைப் பற்றிப் பேசுவதையே இழுக்கெனக் கருதுகின்றனர். கருவியின் எல்லையும் கலைஞனின் நோக்கும் ஒன்றையொன்று எவ்வாறு நிர்ணயிக்கின்றன என்பதை இவ்விரு சாராரும் ஆராய்வதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் மூடிய அரங்குகளில் நடைபெறும் ரோடியோ விளையாட்டின் படங்களைக் கொண்டு இதனை நோக்குவோம்.

மெக்சிக்கோவின் மாட்டுக்காரரிடமிருந்து டெக்சாஸ் புல்வெளியின் கூலியாட்கள் கற்றுக்கொண்ட தொழிலிலிருந்தே ரோடியோ பிறந்தது. அக்கூலியாட்களுட் கறுப்பர் பலர் இருந்தனர். முரட்டுக் குதிரையைப் பழக்குவதும் கன்றுக்குக் கயிறெறிவதும் நாளாந்த வேலையாக இருந்து, பின்னர் வேடிக்கையாகி, ஈற்றில் நுழைவுச்சீட்டுக்கு விற்கப்படும் காட்சியாயின. 1918இல் போர்ட் வேர்த் நகரில் அது கூரையின் கீழ் கொண்டுவரப்பட்டது. நியூயோர்க், பொஸ்டன் மண்டபங்களுக்கும் பின்னர் சென்றது. துள்ளும் குதிரையின் மீதோ காளையின் மீதோ ஒரு கையால் மட்டும் பிடித்துக்கொண்டு எட்டு விநாடி நிலைக்க வேண்டும். மறு கை விலங்கிற் பட்டால் அம்முயற்சி செல்லாது. போட்டியிடுபவனுக்குச் சம்பளம் இல்லை. நுழைவுக் கட்டணத்தைத் தானே செலுத்துகிறான். பரிசு பெறாவிடின் வெறுங்கையோடு திரும்புகிறான். 1936இல் பொஸ்டன் அரங்கில், தாம் செலுத்திய கட்டணத்தைப் பரிசுத் தொகையுடன் சேர்க்குமாறு கோரிக் கௌபோய்கள் வேலைநிறுத்தஞ் செய்து, 'ஆமைகள்' என்று தமக்குப் பெயரிட்டுக்கொண்டு ஒரு சங்கத்தை நிறுவினர். மெதுவாகவேனும் தலையை வெளியே நீட்டிவிட்டோம் என்பது அப்பெயரின் பொருள். தனிமனித வீரத்தின் சின்னமாக உலகெங்கும் காட்டப்படுபவன் சங்கம் அமைத்துப் போராடிய கதையை எந்தச் சுவரொட்டியிலும் நாம் கண்டதில்லை.

இனிக் கமராவுக்கு வருவோம். நண்பகல் வெயிலில் ரோடியோவைப் படமெடுப்பது பெரிய காரியமன்று. ஒளி தாராளமாக இருப்பதால் விநாடியில் ஆயிரத்திலொரு பங்கிற் காட்சியை நிறுத்திவிடலாம். கூரையின் கீழ் நிலைமை வேறு. மங்கலான அரங்கொன்றில், வில்லையின் துவாரத்தை எப் 2.8 வரை அகலத் திறந்து, உணர்திறனை 3200க்கு உயர்த்திய பின்னரே 1/500 விநாடி கிடைக்கிறது. வெயிலோடு ஒப்பிட்டாற் கிடைப்பது ஏறத்தாழ இருநூறிலொரு பங்கு ஒளி. படச்சுருட் காலத்தில் 400 உணர்திறன் கொண்ட சுருளை 1600க்குத் தள்ளிக் கழுவினாலும் 1/250 விநாடிக்கு மேற் செல்ல இயலாது. படமோ மணல்மணலாகப் பொரிந்துவிடும். அகலத் திறந்த துவாரத்திற் கூர்மையாகத் தெரியும் ஆழமும் குறைவு. குதிரையின் மூக்கு தெளிவாயிருக்க மனிதனின் கண் கலங்கிப்போகும். போதாக்குறைக்கு, மாறுமின்னோட்டத்தில் எரியும் பழைய விளக்குகள் அங்கு விநாடிக்கு 120 முறை ஏறித் தாழ்கின்றன. எமது கண் அதை அறியாது; கமரா அறியும். அடுத்தடுத்த இரு படங்களில் ஒன்று வெளிறியும் மற்றது மஞ்சளித்தும் வருவது இதனாலேயே.

இவ்வறுமைக்குள் வேலை செய்யும் தேர்ந்த படப்பிடிப்பாளன் வேகத்தைத் துரத்துவதில்லை. வேகம் ஓயும் கணத்திற்காகக் காத்திருக்கிறான். மேலெறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்பதைப் போன்று, துள்ளும் குதிரையும் உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அக்கணத்தை முன்னுணர்பவனுக்கு 1/250 விநாடியே போதும். கூண்டுக் கதவு எப்பக்கம் திறக்கும், இக்காளை எப்பக்கம் சுழலும் வழக்கமுடையது என்பவற்றை அவன் அறிந்திருக்க வேண்டும். இது கருவியின் அறிவன்று. மந்தையோடு பழகிய அறிவு. கடையில் வாங்க முடியாதது.

ஆயினும் அரங்கின் பெருங் கஷ்டம் ஒளியின் அளவன்று, அதன் திசையே என்பது எமது கருத்து. விளக்குகள் உச்சியில் தொங்குகின்றன. போட்டியாளனோ அகன்ற விளிம்புடைய தொப்பியை அணிந்திருக்கிறான். நெற்றியிலிருந்து நாடிவரை நிழல் விழுகிறது. தொப்பி துலங்குகிறது, இடைவாரின் வெள்ளிப் பூட்டு துலங்குகிறது, முகம் மட்டும் இல்லை. குறித்த ஊரில் பிறந்து, குறித்த கடனைத் தீர்ப்பதற்காக வந்த மனிதன் மறைந்து 'கௌபோய்' என்ற பொதுவுரு எஞ்சுகிறது. கறுப்பருக்கு இவ்வநீதி இரட்டிப்பாயிற்று. வண்ணச் சுருளை உற்பத்தி செய்தோர் நெடுங்காலம் வெள்ளைத் தோலையே அளவுகோலாகக் கொண்டு நிறத்தைச் சரிபார்த்து வந்தனர். எருதோடு மல்லுக்கட்டும் போட்டியைத் தோற்றுவித்த பில் பிக்கெற் கறுப்பர். 1982இல் காளையேற்றத்தில் உலக வெற்றி பெற்ற சார்லி சாம்ப்சனும் கறுப்பரே. கௌபோய் என்றதும் எமது மனத்தில் ஏன் ஒரு வெள்ளையன் மட்டும் எழுகிறான் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். சினிமாவே அதற்குப் பெரிதும் பொறுப்பு என்பதை மறுக்கவில்லை. நிழலில் தொலைந்த முகங்களுக்கும் அதிற் பங்குண்டு.

இதற்கு மருந்தில்லாமல் இல்லை. அரங்கின் வெளிர் மணலிற் பட்ட ஒளி மேல்நோக்கித் திரும்புகிறது. வேலியின் கீழ்ச் சட்டத்தோடு குனிந்திருப்பவனுக்குத் தொப்பியின் விளிம்புக்கு அடியிலும் முகம் தெரியும். புழுதியும் குளம்பும் அவனுக்கு அண்மையில் வரும் என்பதையுஞ் சொல்ல வேண்டும்.

வசதி படைத்த அரங்குகளில் வேறொரு வழியைக் கைக்கொள்கின்றனர். கூரையிற் பெரிய மின்னொளிக் கருவிகளைப் பொருத்தி, கமராவிலிருந்து வானொலி அலையால் அவற்றை இயக்குகின்றனர். ஒளி வெட்டும் கணம் மிகக் குறுகியதாகையால் வியர்வைத் துளியுங்கூட அந்தரத்தில் நின்றுவிடும். இக்கூர்மையை நாம் இகழவில்லை. 1878இல் மைபிரிட்ஜ் எடுத்த படங்களே, ஓடும் குதிரையின் நான்கு கால்களும் நிலத்தைவிட்டு நீங்குவது அவை நீண்டிருக்கும்போதன்று, வயிற்றின்கீழ் மடங்கியிருக்கும்போதே என்பதை நிறுவின. 1821இல் ஜெரிக்கோ தீட்டிய எப்சம் குதிரைப் பந்தய ஓவியமும் அவ்விடயத்திற் பிழையாயிற்று. நிறுத்திப் பார்த்தல் அறிவைத் தந்தது. (அப்பரிசோதனைக்குப் பணம் கொடுத்தவர் புகையிரதப் பாதைச் செல்வந்தர் ஸ்ரான்போட் என்பது வேறு கதை.) ஆனால் இன்றைய அரங்கப் படங்களில் அக்கூர்மை எந்த அறிவுக்குப் பயன்படுகிறது? மின்னொளி எட்டிய இடம் துலங்க, அதற்கப்பால் மண்டபம் கரிய வெறுமையாகிறது. பார்வையாளர் இல்லை, வீழ்பவனுக்கும் காளைக்கும் இடையிற் பாயும் காவலாள் இல்லை, கூண்டுக் கதவைத் திறந்த கூலியாள் இல்லை. மனிதனொருவன் சூனியத்திலே தனியே விலங்கோடு போரிடுகிறான். கதவிற் பொறித்த விளம்பரம் மாத்திரம் எழுத்தெழுத்தாக வாசிக்கக் கிடைக்கிறது!

இதற்கு எதிராக அசைவைக் கலங்கவிடும் முறையொன்று உண்டு. 1956இல் ஸ்பெயினின் பம்ப்லோனா நகரில் ஏர்ன்ஸ்ட் ஹாஸ், 10 உணர்திறன் மட்டுமே கொண்ட வண்ணச் சுருளால் காளைப் போரைப் படமாக்கினார். சுருளின் வறுமையையே வளமாக்கி, கமராவை நெடுநேரம் திறந்து வைத்து, துணியும் கொம்பும் ஓவியக் கோடுகளாக இழுபடச் செய்தார். விசை எப்பக்கம் பாய்கிறது என்பதை அப்படங்களில் உணர முடிகிறது. அவரைப் பின்பற்றியோரிற் பலரிடம் கலங்கல் அலங்காரமாகிவிட்டது. பீப்பாயைச் சுற்றி ஓடும் குதிரையோடு கமராவையுந் திருப்பி 1/30 விநாடியில் எடுத்தால் தலை துலங்கிக் கால்கள் கோடாகும், அது நியாயமே. மேலுங்கீழும் துள்ளிச் சுழலும் காளைக்கு அம்முறை ஒவ்வாது. எல்லாம் குழம்பிய வண்ணச் சேறே எஞ்சும். அதற்கும் 'கவிதை' என்று பெயர் சூட்டுவோர் உளர். மனிதனைக் காணாதபடி செய்வதில் கூர்மைவாதிக்கும் கலங்கல்வாதிக்கும் வேறுபாடு அதிகமில்லை.

ரொபேட் பிராங்க் 1958இல் வெளியிட்ட 'அமெரிக்கர்கள்' தொகுப்பில் ரோடியோ என்று தலைப்பிட்ட நியூயோர்க் படமொன்று உண்டு. அதில் விலங்குமில்லை, துள்ளலுமில்லை. வீதியோரக் குப்பைத் தொட்டியிற் சாய்ந்து, சிகரெற்றில் ஆழ்ந்து தலைகுனிந்து நிற்கிறான் ஒரு கௌபோய். அரங்கிற்குள் எடுத்த ஆயிரம் படங்கள் சொல்லாததை அவன் நிற்கும் நிலை சொல்கிறது. ஆனால் அது அரங்கிற்கு வெளியே எடுக்கப்பட்டது. எமது பிரச்சினைக்கு அது அரைவிடையே. உள்ளே சென்றவர் கரி வினோகிராண்ட். போர்ட் வேர்த் கால்நடைக் காட்சியில் அவர் எழுபதுகளில் எடுத்த படங்கள் 1980இல் நூலாயின. அகன்ற வில்லையோடும் மின்னொளியோடும் நெருங்கிச் சென்று, விலங்கையும் வீரனையும் மாடு விற்பவரையும் வேடிக்கை பார்ப்போரையும் ஒரே சட்டகத்தில் நெருக்கினார். ரோடியோ ஒரு சந்தை என்ற உண்மை அவரிடமே துலக்கமாகிறது. ஆயினும் அவருடைய பார்வையில் ஒரு குளிர்ச்சி உண்டு. எல்லாரையும் சமமாக நகைக்கும் கண், உழைப்பவனையும் அவ்வுழைப்பில் இலாபமீட்டுபவனையும் பிரித்தறிவதில்லை.

இன்றைய கமராக்களில் 12800 உணர்திறனிலும் படம் சகிக்கத்தக்கதாக வருகிறது. விநாடிக்கு இருபது படங்களுக்கு மேலும் எடுக்கலாம். ஒளியில்லை என்ற பழைய சாட்டு பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. படங்களோ மாறவில்லை: அதே உச்சித் துள்ளல், அதே அந்தரத்துத் தொப்பி, அதே இருண்ட பின்புலம். அப்படமே விலைபோகிறது, படப்பிடிப்பாளர் பலரும் சம்பளமின்றிப் போட்டியாளருக்கும் விளம்பரதாரருக்கும் படம் விற்றே வாழ்கின்றனர். ஆகையால் அவர்களை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. ஆனால் ஒன்று கேட்கலாம். எட்டாவது விநாடியில் மணி அடித்ததும் பெரும்பாலான கமராக்கள் தாழ்ந்துவிடுகின்றன. அதன்பின்னரே காவலாட்கள் காளையைத் திசைதிருப்புகின்றனர், விழுந்தவன் எழுகிறான், கழன்ற தொப்பியைத் தேடியவாறு, காலை இழுத்து இழுத்து வேலியை நோக்கி நடக்கிறான். அப்போது அவன் தலையில் தொப்பியில்லை, முகத்தில் நிழலுமில்லை. அந்நடையைப் பிடிக்க அதே மங்கிய விளக்கின் கீழ் 1/125 விநாடி தாராளமாகப் போதும்.