பணிப்பாளர் நாயகமும் தமிழிலக்கணமும்

ஆங்கிலத்திலும் அடைமொழி பெரும்பாலும் பெயருக்கு முன்னேதான் நிற்கும். ஆயினும் ‘அட்டர்னி ஜெனரல்’ என்னும் பதவிப்பெயரில் ‘ஜெனரல்’ என்ற அடை பின்னே நிற்கிறது. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அந்நாட்டு நீதிமன்றங்களில் அரசோச்சிய பிரெஞ்சு மொழியின் எச்சம் அது. பிற்காலப் பதவிப்பெயர்களும் அவ்வழியே சென்றன.

ஆண்டார்மொழியின் அவ்வடிமைத் தழும்பை நாமும் ஏன் சுமத்தல் வேண்டும்? இலங்கையின் அரசகருமத் தமிழ் ‘டைரக்டர் ஜெனரல்’ என்பதைப் ‘பணிப்பாளர் நாயகம்’ என்கிறது. தமிழ்த் தொடரிலே இறுதிச் சொல்லே தலைமைச் சொல். வேற்றுமையுருபும் அதனையே சேரும். நாயகமோ தலைமை என்னும் பண்பைக் குறிப்பது. ஆகவே மட்டக்களப்பு வாவியோர மீனவர் ‘பணிப்பாளர் நாயகத்துக்கு’ மனு எழுதும்போது, பதிலிறுக்கவேண்டிய ஆள் மறைந்து அஃறிணைப் பெயரொன்றே எஞ்சுகிறது!

தமிழால் இயலாததன்று. ‘சட்டமா அதிபர்’, ‘பொலிஸ் மா அதிபர்’ என்பவற்றில் அதே ‘ஜெனரல்’ ‘மா’ என முன்னே அமைந்துள்ளது. அதிபராகிய ஆள் பின்னே தெளிவாக நிற்கிறார். ‘தலைமைப் பணிப்பாளர்’ என்றாலும் எவர்க்கும் விளங்கும்.

1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் நமது காரைதீவிற் பிறந்தவர். அவர் வழிவந்த ஆசிரியரும் மாணவரும் செய்யுளோடு அரசாங்கப் படிவங்களையும் இலக்கணக் கண்கொண்டு ஆராய்தல் வேண்டும். அதிகாரத்தின் மொழி மக்களுக்கு விளங்குதல் மக்களின் உரிமை.